மெசேனியா: ஒரு வளநாட்டின் வரலாறு



கிரேக்க நாட்டு வரலாற்றை நான் முதன்முதலில் பள்ளியிலே படித்தபோது, ஸ்பார்ட்டா நகரத்தாரின் வீரம் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அங்கே ஏழு வயதுச் சிறுவன் தாயை விட்டுப் பிரிந்து பயிற்சிக் கூடத்திற்குச் செல்வான். வளர்ந்தபின் தன்னொத்த வீரருடன் பொதுப் பந்தியில் அமர்ந்து உண்பான். உழவும் வாணிகமும் கைத்தொழிலும் அவனுக்கு உரியவை அல்ல. போர் ஒன்றே அவன் தொழில். இவற்றையெல்லாம் வியப்போடு படித்த எனக்கு இறுதியில் ஓர் ஐயம் எழுந்தது. வீரன் உழவில்லை என்றால் அவனுக்குச் சோறிட்டவர் யார்?

பாடநூலில் அதற்கு ஒரே வரியில் விடை இருந்தது. ஹெலட்டுகள் எனப்பட்ட அடிமைகள் உழுதார்கள் என்பதே அவ்விடை. அந்த ஒரு வரிக்குள் ஒரு நாடே மறைந்து கிடக்கிறது என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அந்நாட்டின் பெயர் மெசேனியா. அதன் நிலத்தையும் வரலாற்றையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் நிலப்படத்தைப் பார்ப்போம். கிரேக்க நாட்டின் தென்பகுதி பெலொப்பொனீஸ் என்னும் தீபகற்பமாகும். கொரிந்து என்னும் குறுகிய பூசந்தி ஒன்றே அதனை வடக்கு நிலத்தோடு இணைத்து வந்தது. அப்பூசந்தியை வெட்டி அமைத்த கால்வாய் 1893-இல் திறக்கப்பட்டது. இந்தத் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் இருப்பது மெசேனியா. மேற்கே அயோனியக் கடல். தெற்கே மெசேனிய வளைகுடா. வடக்கே அர்க்காடியா நாட்டு மலைகள். கிழக்கே தாய்கெட்டஸ் மலைத்தொடர் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திற்கு மதில்போல் எழுந்து நிற்கிறது. அம்மதிலுக்கு அப்பால் உள்ளதுதான் ஸ்பார்ட்டாவின் நாடாகிய லக்கோனியா.

கிரேக்கம் பொதுவாகக் கல்லும் மலையும் நிறைந்த நாடு. கோடையில் அதன் ஆறுகள் பல வற்றிப்போகும். மெசேனியாவோ அவ்வாறு அன்று. மேற்குக் கடலிலிருந்து வரும் காற்று அதற்கு நல்ல மழையைத் தருகிறது. அதன் நடுவே ஓடும் பாமிசோஸ் ஆறு நீளத்தில் சிறியது. ஆயினும் ஊற்றுகளால் நிரம்பிக் கோடையிலும் வற்றாமல் ஓடுவது. அவ்வாறு வளப்படுத்தும் கீழ்ச்சமவெளிக்குப் பழங்கிரேக்கர் மக்காரியா என்று பெயரிட்டனர். பேறு பெற்ற நிலம் என்பது அப்பெயரின் பொருள். மேற்சமவெளிக்கு ஸ்டெனிக்ளாரோஸ் என்று பெயர். இவ்விரு சமவெளிகளையும் காவல் காப்பதுபோல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இதோமி என்னும் மலை தனித்து நிற்கிறது. இம்மலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை மீண்டும் மீண்டும் இதன் அடிவாரத்திற்கே வந்து சேரும்.

நாடக ஆசிரியர் யூரிபிடீஸ் மெசேனியாவின் நீர்வளத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் புகழ்ந்து, லக்கோனியாவின் நிலமோ உழுவதற்குக் கடினமானது என்று ஒப்பிட்டதாக நிலநூலறிஞர் ஸ்டிராபோ குறிப்பிடுகிறார். வளநாட்டின் பக்கத்திலே, மலைக்கு அப்பால், போரில் வல்ல நாடு ஒன்று இருந்தது. வரலாற்றின் போக்கை இந்த அமைப்பே பெரும்பாலும் முடிவு செய்துவிட்டது எனலாம்.

ஆயினும் மெசேனியாவின் கதை ஸ்பார்ட்டாவோடு தொடங்கவில்லை. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதன் மேற்குக் கரையில் பைலோஸ் என்னும் அரசு சிறந்திருந்தது. ஹோமரின் காவியங்களில் வரும் முதியவர் நெஸ்டர் அந்நகரத்து மன்னர். அவர் 90 கப்பல்களோடு டிராய்ப் போருக்குச் சென்றதாக இலியத் கூறுகிறது. இதனைக் கவிஞரின் கற்பனை என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர்.

1939-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்கத் தொல்லியலறிஞர் கார்ல் பிளெகன் அப்பகுதியில் ஒரு குன்றின்மேல் இருந்த ஒலிவத் தோப்பிலே அகழத் தொடங்கினார். முதல் நாள், முதல் குழியிலேயே எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் வெளிப்பட்டன. அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 600 பலகைகளும் துண்டுகளும் கிடைத்தன. அவற்றில் இருந்த எழுத்துக்கு அறிஞர்கள் லீனியர் பி என்று பெயரிட்டிருந்தார்கள். அதை வாசிக்க அப்போது எவராலும் இயலவில்லை. உலகப் போர் மூண்டது. பலகைகள் ஏதென்ஸ் நகரில் ஒரு வங்கியின் காப்பறைக்குள் உறங்கின. போருக்குப் பின், 1951-இல், எம்மெட் பென்னெட் என்னும் அறிஞர் அவற்றின் எழுத்துகளைத் திருத்தமாகப் படியெடுத்து நூலாக வெளியிட்டார்.

அடுத்த ஆண்டிலே அப்புதிர் அவிழ்ந்தது. அவிழ்த்தவர் மொழிப் பேராசிரியர் அல்லர். மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் இளம் கட்டடக்கலைஞர். அம்மொழி கிரேக்கமாக இராது என்றே அவரும் நெடுநாள் எண்ணியிருந்தார். ஆனால் குறிகளை ஒழுங்குபடுத்திப் பார்த்தபோது கிரேக்கச் சொற்களே ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1952 ஜூலை முதல் நாள், பிரிட்டிஷ் வானொலியில் ஆற்றிய ஓர் உரையில் அவர் தம் முடிவை உலகிற்கு அறிவித்தார். அவ்வுரையைக் கேட்ட ஜான் சாட்விக் என்னும் மொழியறிஞர் உடனே அவரோடு தொடர்பு கொண்டு பணியில் இணைந்தார். வானொலிப் பேச்சு ஒன்றினால் இத்தகைய நன்மையும் விளையக்கூடும் என்பதை எண்ணும்போது, வானொலியிலே பேசும் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது.

அப்பலகைகளில் காவியம் இல்லை; அரசரின் வெற்றிப் புகழும் இல்லை. அவை அரண்மனைக் கணக்குகள். கொல்லருக்கு அளந்து கொடுத்த வெண்கலம், நறுமணம் ஊட்டிய எண்ணெய், படகு வலிக்கும் ஆட்கள், கடற்கரையைக் காவல் செய்யும் ஏறத்தாழ 800 பேர் ஆகியோரின் பட்டியல்கள் அவற்றில் உள்ளன. மாவு அரைக்கும் பெண்கள், நூல் நூற்கும் பெண்கள், அவர்களுடைய குழந்தைகள் ஆகியோருக்கு அளந்த தானியமும் குறிக்கப்பட்டிருக்கிறது. அப்பெண்களில் சிலர் மிலெட்டஸ், நைடஸ், லெம்னோஸ் போன்ற கடல் கடந்த ஊர்களின் பெயரால் சுட்டப்படுகின்றனர். அவர்கள் போரிலோ கொள்ளையிலோ சிறைப்பட்டு வந்தவர்களாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. ஆகவே, பைலோசின் பொற்காலத்திலும் பிறர் உழைப்பில் அரண்மனை வாழ்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இக்கணக்குகள் நமக்குக் கிடைத்ததற்கே ஒரு பேரழிவுதான் காரணம். அக்காலத்தில் களிமண் பலகைகளைச் சூளையிலிட்டுச் சுடும் வழக்கம் இல்லை. ஓராண்டுக் கணக்கு முடிந்ததும் அம்மண்ணைக் குழைத்து மீண்டும் பயன்படுத்தினர். கி.மு. 1180-ஐ ஒட்டிய காலத்தில் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. அந்தத் தீயில் வெந்து கெட்டியான பலகைகளே மூவாயிரம் ஆண்டுகள் நிலைத்தன. எனவே நாம் வாசிப்பது பைலோசின் கடைசி ஆண்டுக் கணக்கே ஆகும். தீக்குப்பின் அங்கே எழுத்தே மறைந்தது. ஊர்கள் பல பாழாயின.

அதன்பின் நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தன. டோரியக் கிரேக்கம் பேசும் மக்கள் மெசேனியாவிலும் லக்கோனியாவிலும் வாழ்ந்தனர். மொழியாலும் வழிபாட்டாலும் இரு நாட்டாரும் நெருங்கிய உறவினரே. இவ்வாறிருக்கும்போது, கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஸ்பார்ட்டர் தாய்கெட்டசைக் கடந்து மெசேனியாவின்மீது படையெடுத்தனர். அப்போரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சான்று டிர்ட்டேயஸ் என்னும் கவிஞருடையது. அவர் ஸ்பார்ட்டரின் பக்கம் நின்று பாடியவர். போர் 19 ஆண்டுகள் ஓயாது நடந்தது என்றும், இருபதாம் ஆண்டில் பகைவர் தம் வயல்களை விட்டு இதோமி மலையிலிருந்து ஓடினர் என்றும் அவர் கூறுகிறார். தோற்றவர் பெருஞ்சுமையால் நலிந்த கழுதைகளைப்போல், தம் விளைச்சலில் பாதியை ஆண்டைகளிடம் கொண்டுவந்து சேர்த்ததாகவும் அவர் பாடியிருக்கிறார். இரக்கத்தினால் அன்று, பெருமிதத்தினால் சொன்ன உவமை அது. ஏழாம் நூற்றாண்டில் மெசேனியர் மீண்டும் கிளர்ந்தெழுந்தனர், மீண்டும் தோற்றனர்.

இவ்விரண்டாம் போரின் தலைவனாக அரிஸ்டொமெனீஸ் என்னும் வீரனைப் பற்றிய கதைகள் பல உண்டு. ஸ்பார்ட்டர் அவனை ஆழ்ந்த பாதாளப் பிளவு ஒன்றில் தள்ளினர் என்றும், அங்கே வந்த நரி ஒன்றைப் பற்றிக்கொண்டு அதன் வழியே அவன் வெளியேறினான் என்றும் ஒரு கதை. இக்கதைகளை எழுதி வைத்த பௌசானியாஸ் என்னும் பயணி கி.பி. இரண்டாம் நூற்றாண்டினர், போருக்கும் அவருக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள் உள்ளன. எனவே இவற்றை வரலாறாகக் கொள்ளாமல், ஒரு மக்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைகளாகவே கொள்ளவேண்டும்.

வெல்லப்பட்ட மெசேனியர் ஹெலட்டுகள் ஆயினர். சந்தையில் வாங்கிய அடிமைக்கும் ஹெலட்டுக்கும் வேறுபாடு உண்டு. ஹெலட் தன் முன்னோர் உழுத நிலத்திலேயே குடும்பத்தோடு வாழ்ந்தான். ஆனால் நிலமும் அவனுடையது அன்று, விளைவும் அவனுடையது அன்று. ஹெலட்டுகளின் தொகையும் பெரிது. கி.மு. 479-இல் பிளட்டேயாப் போருக்கு வந்த 5,000 ஸ்பார்ட்ட வீரரில் ஒவ்வொருவருக்கும் ஏழு ஹெலட்டுகள் வீதம் 35,000 பேர் உடன் வந்தனர் என்று ஹெரொடோட்டஸ் எழுதுகிறார். சிறுபான்மையினர் பெரும்பான்மையினரை அடக்கி ஆளவேண்டுமானால் அச்சத்தை ஆயுதமாகக் கொள்ளவேண்டும். ஸ்பார்ட்டாவின் எபோர்கள் என்னும் ஆட்சியாளர் பதவி ஏற்றதும் ஆண்டுதோறும் ஹெலட்டுகள்மீது முறைப்படி போர் அறிவிப்பர் என்றும், அதனால் ஹெலட்டைக் கொல்வது பாவம் ஆகாது என்று கருதப்பட்டது என்றும் அரிஸ்டாட்டில் கூறியதாகப் புளூட்டார்க் தெரிவிக்கிறார்.

ஏதென்ஸ் நாட்டு வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சியை நான் படித்த நாள் முதல் மறக்க இயலவில்லை. போரிலே தமக்குச் சிறந்த தொண்டு செய்தவர்கள் முன்வரலாம். அவர்களுக்கு விடுதலை அளிப்போம் என்று ஸ்பார்ட்டர் ஹெலட்டுகளிடம் அறிவித்தனர். ஏறத்தாழ 2,000 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் தலையில் மாலை சூடி, விடுதலை பெற்ற மகிழ்ச்சியில் கோயில்களை வலம் வந்தனர். சில நாட்களில் அத்தனை பேரும் மறைந்தனர். ஒவ்வொருவரும் எவ்வாறு மாண்டனர் என்பது எவருக்கும் தெரியவில்லை. விடுதலை கேட்கும் ஊக்கம் உடையவரே கிளர்ச்சிக்கும் முதலில் எழுவர் என்று ஸ்பார்ட்டர் கணக்கிட்டிருந்தனர். ஸ்பார்ட்டாவின் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை ஹெலட்டுகளுக்கு எதிரான காவலையே நோக்கமாகக் கொண்டவை என்கிறார் அவ்வாசிரியர். நான் சிறுவயதில் வியந்த படைப்பயிற்சியின் மறுபக்கம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

கி.மு. 464-ஐ ஒட்டி ஸ்பார்ட்டாவைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று தாக்கியது. நகரம் இடிந்து கிடந்த நேரத்தில் ஹெலட்டுகள் எழுந்தனர். அவர்கள் அரண் தேடிச் சென்ற இடம் இதோமி மலை. ஆண்டுகள் பல முற்றுகையிட்டும் ஸ்பார்ட்டரால் அம்மலையைக் கைப்பற்ற முடியவில்லை. உதவிக்கு வந்த ஏதென்ஸ் படையையும், அது கிளர்ச்சியாளரோடு சேர்ந்துவிடுமோ என்று ஐயுற்றுத் திருப்பி அனுப்பினர். இந்த அவமதிப்பு இரு நகரங்களுக்கும் இடையே பகைக்கு வித்திட்டது. இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மலைமேல் இருந்தவர்கள் மனைவி மக்களோடு பெலொப்பொனீசை விட்டு வெளியேற வேண்டும். மீண்டும் அடிவைத்தால், பிடித்தவனுக்கு அடிமை ஆகவேண்டும். ஏதென்ஸ் நகரத்தார் அவர்களைக் கொரிந்து வளைகுடாவின் வடகரையில் உள்ள நௌபாக்டஸ் என்னும் துறைமுகத்தில் குடியேற்றினர்.

நாடிழந்தவர்கள் நாட்டை மறக்கவில்லை. ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெரும்போர் நடந்தபோது, கி.மு. 425-இல், ஏதென்ஸ் படைத்தலைவர் டெமொஸ்தனீஸ் பைலோஸ் முனையில் அரண் ஒன்றை அமைத்தார். எதிரே இருக்கும் ஸ்பாக்டீரியா என்னும் நீண்ட தீவில் 420 வீரர் கொண்ட ஸ்பார்ட்டப் படை சிக்கிக்கொண்டது. ஏறவே முடியாது எனக் கருதிக் காவலின்றி விட்டிருந்த செங்குத்தான பாறைவழியே மெசேனியத் தலைவன் ஒருவன் தன் ஆட்களோடு ஏறிப் பகைவரின் பின்புறத்தில் தோன்றினான். 292 பேர் உயிரோடு சிறைப்பட்டனர். ஸ்பார்ட்டர் சாவார்களேயன்றிச் சரணடையார் என்று நம்பியிருந்த கிரேக்க உலகம் திகைத்தது.

இப்போர்களின் கொள்ளைப் பொருளில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு மெசேனியரும் நௌபாக்டஸ் மக்களும் ஒலிம்பியாவில் வெற்றித் தெய்வத்தின் சிலை ஒன்றை நிறுவினர். பையோனியஸ் என்னும் சிற்பி வடித்த அச்சிலை 1875-இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. இன்றும் ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வானத்திலிருந்து இறங்குபவளின் ஆடை காற்றில் பறப்பதைக் கல்லிலே காணலாம். அதன் பீடத்தில் உள்ள கல்வெட்டு, பகைவரிடமிருந்து பெற்ற பொருள் என்று மட்டும் சொல்கிறது. பகைவர் யார் என்று சொல்லவில்லை. ஸ்பார்ட்டாவிடம் கொண்ட அச்சமே காரணம் என்று மெசேனியர் கூறியதாகப் பௌசானியாஸ் எழுதுகிறார். வெற்றிச் சின்னத்திலும் பகைவன் பெயரை எழுத அஞ்சிய நிலை அது.

அந்த அச்சம் வீண்போகவில்லை. போரில் ஏதென்ஸ் தோற்றது. நௌபாக்டசிலிருந்தும் துரத்தப்பட்ட மெசேனியர் சிசிலித் தீவுக்கும் ஆப்பிரிக்கக் கரையில் உள்ள லிபியாவுக்கும் சிதறினர்.

ஆனால் காலம் மாறிற்று. கி.மு. 371-இல் லியூக்ட்ராப் போர்க்களத்தில் தீப்ஸ் நகரத்துப் படைத்தலைவர் எபாமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவின் படையை முறியடித்தார். அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் லக்கோனியாவிற்குள் நுழைந்தார். ஸ்பார்ட்டா நகரத்தை அவர் கைப்பற்றவில்லை. அதைவிடப் பெரிய செயல் ஒன்றைச் செய்தார். மெசேனியாவுக்குச் சென்று, கி.மு. 369-இல், அதே இதோமி மலையின் அடிவாரத்தில் மெசேனி என்னும் புதிய நகரத்தை நிறுவினார். சிசிலிக்கும் இத்தாலிக்கும் லிபியாவுக்கும் ஆள் அனுப்பிச் சிதறியவர்களை அழைத்தார். குழலிசை முழங்க மதில் எழுப்பினர் என்கிறார் பௌசானியாஸ். ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அம்மதிலின் நெடும்பகுதிகளும், வட்ட முற்றத்தோடு அமைந்த அர்க்காடிய வாயிலும் இன்றும் நிற்கின்றன. 1980-களின் பிற்பகுதியிலிருந்து பெட்ரோஸ் தெமெலிஸ் என்னும் கிரேக்க அறிஞர் அங்கே நடத்திய அகழாய்வு அந்நகரின் அரங்கையும் ஓட்டப்பந்தயக் களத்தையும் மீண்டும் வெளிக்கொணர்ந்தது.

இங்கே கிரேக்க உலகில் ஒரு பெரிய வழக்கு எழுந்தது. திரும்பி வந்தவர்கள் உண்மையான மெசேனியரே அல்லர். எங்கள் ஹெலட்டுகளுக்கே எங்கள் நிலம் தரப்படுகிறது என்பது ஸ்பார்ட்டரின் வாதம். ஐசொக்ரட்டீஸ் என்னும் உரையாசான் ஸ்பார்ட்ட இளவரசனின் வாயில் வைத்து எழுதிய உரையில் இவ்வாதத்தைக் காணலாம். அல்கிடமஸ் என்னும் மற்றோர் உரையாசான் மெசேனியருக்காகப் பரிந்து பேசினார். இயற்கை எவரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்னும் கருத்தை அவர் தம் உரையில் வெளியிட்டார். அடிமை முறையை நாள்தோறும் கண்டு பழகிய ஓர் உலகத்தில் பிறந்த சொல் அது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மலைக்கு மேற்கே விடுதலை வந்தபோதும், கிழக்கே லக்கோனியாவின் ஹெலட்டுகள் ஹெலட்டுகளாகவே இருந்தனர்.

அறிஞர்களிடையே இவ்வழக்கு இன்றும் வேறொரு வடிவில் நடக்கிறது. முந்நூறு ஆண்டுகள் அடிமைப்பட்டிருந்தவர் தம் பழைய நினைவை உண்மையாகவே காத்து வந்தனரா, அல்லது கிளர்ச்சியின்போதுதான் தம்மை மெசேனியர் என்று உணர்ந்தனரா? விடை சொல்வது எளிதன்று. ஏனெனில் அந்த முந்நூறு ஆண்டுகளில் ஹெலட் எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. டிர்ட்டேயஸ் வென்றவரின் கவிஞர். தூசிடிடீஸ் ஏதென்ஸ் நாட்டவர். பௌசானியாஸ் மிகப் பிற்பட்டவர். எனினும், நினைவு நெடுங்காலமாகத் தொடர்ந்து வந்ததோ இடையிலே புதிதாக உருவானதோ, அதன் வலிமையை ஐயுறுவதற்கில்லை. அகதிகளாகச் சென்றவர்களும் பிள்ளைகளுக்கு ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி வளர்த்தார்கள்; அழைப்பு வந்தபோது கடல் கடந்து திரும்பினார்கள்.

புதிய நகரைக் கட்டிய நாளில் நிகழ்ந்ததாகப் பௌசானியாஸ் சொல்லும் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. தோல்வி நெருங்கியதை அறிந்த அரிஸ்டொமெனீஸ், இதோமி மலையில் ஏதோ ஒரு பொருளை மறைவாகப் புதைத்து வைத்தானாம். அது அழியாதிருக்கும்வரை மெசேனியா மீளும் என்பது நம்பிக்கை. எபாமினோண்டாசின் காலத்தில் அவ்விடத்தைத் தோண்டியபோது வெண்கலக் குடம் ஒன்று கிடைத்தது. அதனுள்ளே மெல்லிய வெள்ளீயத் தகட்டில் அவர்களுடைய வழிபாட்டு முறைகள் எழுதிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன என்கிறது கதை. இது நடந்ததா என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் நாடு முழுவதையும் இழந்த மக்கள், மண்ணுக்கடியிலே தம் எழுத்து ஒன்று காத்திருக்கிறது என்று நம்ப விரும்பினர் என்பது மட்டும் உண்மை. அதே நாட்டின் மேற்குக் கரையில், அவர்கள் அறியாமலே, களிமண் எழுத்துகள் உண்மையாகவே 1939 வரையில் காத்துக் கிடந்தன.

பிற்காலத்தை விரைந்து கூறி முடிக்கிறேன். மெசேனியா உரோமருக்கும், பின்னர் பைசாந்தியருக்கும், வெனிஸ் நகரத்தாருக்கும், துருக்கருக்கும் உட்பட்டது. 1821-இல் கிரேக்க விடுதலைப் போர் எழுந்தபோது அதன் தலைநகராகிய கலமாட்டா முதலில் விடுதலை பெற்ற ஊர்களில் ஒன்று. 1827 அக்டோபர் 20-ஆம் நாள், ஸ்பாக்டீரியாத் தீவு காக்கும் அதே நவரினோ விரிகுடாவில், பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா ஆகிய நாடுகளின் கப்பற்படைகள் துருக்க எகிப்தியக் கப்பற்படையை அழித்தன. கிரேக்க விடுதலைக்கு அப்போர் வழி செய்தது. இன்று அச்சமவெளியில் ஒலிவ மரங்கள் செழிக்கின்றன; கலமாட்டாவின் ஒலிவக் காய் உலகெங்கும் பெயர் பெற்றிருக்கிறது.

மாணவ நண்பர்களே, ஸ்பார்ட்டாவின் வீரத்தைப் பற்றி நீங்களும் பாடநூலில் படிப்பீர்கள். வியப்பதில் தவறு இல்லை. ஆனால் அந்த வீரனின் பந்தியில் வைத்த உணவு தாய்கெட்டஸ் மலையைக் கடந்து வந்தது என்பதையும், அதை விளைத்தவன் எழுதிய வரி ஒன்றும் உங்கள் நூலில் இல்லை என்பதையும் உடன் நினையுங்கள். எந்த நாட்டின் வரலாற்றைப் படித்தாலும், இதை எழுதியவர் யார், எழுத இயலாமற் போனவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள். என் பள்ளிப் பருவத்தில் எழுந்த சிறிய ஐயத்திற்கு மெசேனியா அளித்த விடை இதுவே.